பதினைந்து பேருக்கு அளந்த கூடம்

சுவரோரப் பலகையில் தண்ணீர் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருந்தது. எண்ணுவது என் தொழில், எண்ணினேன். இருபத்தொன்று.

கீழே பாயில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எண்ணினேன். பதினைந்து.

மறுபடியும் போத்தல்களை எண்ணினேன். கணக்கு மாறவில்லை. கூட வந்திருந்த என் மேலதிகாரி ரோஹானா மேடம், மலாயில் புவான் ரோஹானா, அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றேன். நான் அவ்வளவு ஒல்லியானவள் இல்லை என்பது அன்றைக்கு உதவியாக இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கிற கதைகளாகவே எழுதி வந்தேன். லைசென்ஸ் இல்லாத சாத்தே கடைக்காரர் என்னையே உட்கார வைத்துப் பத்துக் குச்சி இறைச்சி கொடுத்தது, நாய் துரத்தி நான் வடிகாலில் விழுந்தது. ‘உங்கள் உத்தியோகம் ஜாலியான உத்தியோகம் போலிருக்கிறதே’ என்று தைப்பிங் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் இந்த வாரப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

நாடாவின் ஒரு முனை

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஊராட்சிக் கவுன்சில் ஒன்றில் லைசென்ஸ் பிரிவில் வேலை பார்த்தவள். எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். ஈப்போவுக்கு அக்கம்பக்கம் என்பதோடு விட்டுவிடுங்கள்.

குழந்தைக் காப்பகம் நடத்துவது சாதாரண விஷயமில்லை. கைக்குழந்தை என்றால் சமூகநல இலாகா. நான்கு வயதாகிவிட்டால் கல்வி இலாகா. தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க பொம்பா, அதாவது தீயணைப்புக்காரர்கள். கட்டடத்துக்கு நாங்கள். ஒரு பிள்ளைக்கு இத்தனை இலாகா. ஆனால் மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவது டீச்சர் ஒருத்திதான்.

என் பங்கு, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பது. கூடத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு இடம் என்று விதி சொல்வதால் வகுத்தால் ஓர் எண் வரும். அதற்கு மேல் ஒரு பிள்ளையைச் சேர்த்தாலும் குற்றம்.

காப்பகம் நடத்தும் சரோஜாவின் கூடத்தை அளந்தவளும் நான்தான். பதினைந்து என்று வந்தது.

சரோஜாவின் வீடு செமோர் ஊரையும் தாண்டி வடக்கே. ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறி, மரங்கள் போய், லயத்தில் இருந்தவர்களுக்குச் சின்னச் சின்ன மலிவு வீடுகள் கொடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்களாம். தோட்டத்தோடு கொட்டகையும் போய்விட்டது. ஆனால் அம்மாக்கள் இருட்டோடு எழுந்து வேலைக்கு ஓடுவது அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு ஓடினார்கள். இப்போது கையுறைத் தொழிற்சாலை வேனுக்கு ஓடினார்கள்.

பெரட்டு என்றால் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற காலை வரிசை. அதையே சரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் டவுன்காரி. அப்பா யாழ்ப்பாணத்து வழிவந்த அரசாங்க கிளார்க். ஆபீஸ் பென்சில் தவறுதலாகச் சட்டைப் பையில் வந்துவிட்டால், மறுநாள் அதைத் திருப்பி வைப்பதற்காகவே சீக்கிரம் கிளம்புவார். அந்த வீட்டில் வளர்ந்த நான் தோட்டப் பக்கம் கால் வைத்ததே இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

சரோவின் காப்பகத்தில் பதினைந்துக்கு மேல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்துவிட்டேன். அவள் மறைக்கவில்லை.

“வாசல்ல கொண்டாந்து நிறுத்திர்றாங்க கா. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு அழுவறாங்க. நான் மொகத்துல கதவச் சாத்தவா?”

நான் காரில் ஏறிப் போய்விட்டேன். கண்டுகொள்ளாமல் இருப்பதே நான் செய்கிற பெரிய உதவி என்று அப்போது நினைத்தேன்.

ஒரு ஃபோன்

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் ஓய்ந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். வேறு எங்கோ ஒரு காப்பகத்தில் குழந்தைக்கு ஏதோ ஆகி, அது செய்தியாகிவிட்டது. அப்படி ஆனால் எங்களுக்கு மேலிருந்து உத்தரவு வரும். எல்லா இலாகாவும் சேர்ந்து திடீர்ச் சோதனைக்குக் கிளம்புவோம். திடீர் என்றால் எங்களுக்கே முதல் நாள் மாலைதான் பட்டியல் கைக்கு வரும்.

பட்டியலில் மூன்றாவது, சரோ.

ஆபீஸ் மாடிப்படிக்குப் போனேன். மேலும் கீழும் பார்த்தேன். கை வியர்த்து ஃபோன் வழுக்கியது. அதுவரை ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. நம்ம பெண், நம்ம பிள்ளைகள், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு குரல். பென்ஷனுக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது என்று இன்னொரு குரல். முதல் குரல் ஜெயித்தது.

“சரோ, நாளைக்குப் பத்து மணிபோல வருவோம். நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக் கூடாது.”

“ஐயையோ. எத்தன பேரு வாராங்க கா?”

“அதை விடு. பதினஞ்சு. ஞாபகம் இருக்குதானே?”

“புரிஞ்சிருச்சு கா. நான் பாத்துக்கறேன். நீங்க பயப்படாதீங்க லா” என்றாள்.

மிச்ச ஆறு பேரை அன்று அனுப்ப வேண்டாம் என்று அம்மாக்களிடம் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். முதல் நாள் ராத்திரி சொன்னால் எந்தத் தொழிற்சாலையில் லீவு கொடுப்பார்கள்? மாதச் சம்பளத்தில், லீவு எழுதிக் கொடுத்துப் பழகிய எனக்கு அது தோன்றவே இல்லை.

நல்ல இடம்

ஆகவே, போத்தல்களை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். புவான் ரோஹானா கழிவறையைப் பார்க்கப் போனார். சரோவைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏதோ விண்ணப்பப் பாரத்தைப் பற்றிக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தமிழில் கேட்டேன்.

“மத்த பிள்ளைங்க எங்க?”

“வேன்ல கா. கோயிலுக்குப் பின்னால. அவரு கூட இருக்காரு, ஏர்கான் போட்டுத்தான்.” அவளும் சிரித்தபடியே சொன்னாள்.

அவர் என்றால் அவள் கணவர் மணியம். பள்ளி வேன் ஓட்டுகிறவர், நிதானமான மனிதர். எனக்கு மூச்சு வந்தது. பொறுப்பான ஆள் இருக்கிறார், நாங்கள் கிளம்பியதும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். திரும்பிப் பலகையிலிருந்த சில போத்தல்களை அங்கே இருந்த ஒரு கோணிப்பைக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

பொம்பாவிலிருந்து வந்திருந்த இளைஞர் நல்ல மாதிரி. தீயணைப்பு உருளை தரையில் இருப்பதைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. “குறை என்று எழுத மனமில்லை கா. இப்பவே மாட்டினால் சரி என்று போட்டுவிடுகிறேன். வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா?” என்று மலாயில் கேட்டார்.

சரோ என்னைப் பார்த்தாள். நான் எங்கேயோ பார்த்தேன். அவர் எதிரிலேயே அவள் ஃபோனை எடுத்துக் கணவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஐந்து நிமிடத்தில் மணியம் துளைபோடும் மெஷினோடு உள்ளே வந்தார். ஏணியைப் பிடிக்கிற சாக்கில் கிட்டே போனேன்.

“வேன்ல யாரு இருக்கா?”

“பூட்டிட்டு வந்துட்டேன் கா. ரெண்டு நிமிசம்தானே. பக்கத்துல லொம்போங் குட்டை இருக்கு, எறங்கி ஓடிருச்சுங்கன்னா?”

“என்ஜின்?”

“நிறுத்திட்டேன். கியர்ல கைய வச்சிருச்சுங்கன்னா? கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வுட்டிருக்கேன்.”

ஒவ்வொன்றும் நியாயமான பதில். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் விழுந்துவிடக் கூடாது என்று பூட்டினார். வண்டி நகர்ந்துவிடக் கூடாது என்று என்ஜினை நிறுத்தினார். நானே அங்கே இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்தேழு. மேலே தகரக்கூரை வெயிலில் படபடவென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

“தீங்கி சிக்கிட், பாங்” என்றார் பொம்பாக்காரர், இன்னும் கொஞ்சம் உயரமாக என்று. மணியம் முதலில் போட்ட துளையை விட்டுவிட்டு மேலே இன்னொன்று போட ஆரம்பித்தார். காங்கிரீட்டில் துளை இறங்கவில்லை. அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஏணியிலிருந்து என்னைப் பார்த்த அவருடைய கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“புவான், அடுத்த இடத்துக்கு நேரமாகிறது” என்றேன்.

“அவசரமில்லை வசந்தி. இன்றைக்குப் பார்த்ததில் இதுதான் நல்ல இடம்” என்றார் புவான் ரோஹானா. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அவருக்கு மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று என்று பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கை தட்டினார். அந்தக் கைதட்டலை நான் வெறுத்தேன்.

பத்து நாற்பத்து மூன்றுக்கு எழுந்து பின்வாசலுக்குப் போனார். அங்கே கம்பி அடித்து, டைல்ஸ் போட்டு, நல்ல வராந்தா ஒன்று இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்.

“இதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? இதையும் அளந்தால் இன்னும் ஆறேழு பிள்ளைகளுக்கு இடம் வருமே. ஒரு பாரம் எழுதிப் போடச் சொல். நானே சிபாரிசு செய்கிறேன்.”

சரோ நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது. ‘ஆறு பேர் இருக்கிறார்கள் புவான், வேனில் இருக்கிறார்கள், வாருங்கள் ஓடலாம்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என்னைவிட வேகமாக ஓடியிருப்பார், அப்படிப்பட்டவர். ஆனால் அவர் அடுத்ததாகக் கேட்கப்போவது என்ன? நாங்கள் வருவது இவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு என் பெயர்தான் பதில். விசாரணை, பணிநீக்கம், போன பென்ஷன், அப்பா பெயர். எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன.

“சரி புவான், எழுதிக்கொள்கிறேன்” என்று சொன்னேன். உண்மையாகவே எழுதிக்கொண்டேன்.

மறுபடியும் கடிகாரம். நாற்பத்தைந்து. நாற்பத்தேழு. பூட்டின வண்டிக்குள் வெயில் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் காப்பகக்காரர்களுக்கு நாங்களே கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். படங்களைச் சுவரில் ஒட்டியது நான்.

நாற்பத்தொன்பதுக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. “புவான், காரில் ஒரு ஃபைலை விட்டுவிட்டேன்” என்று சொல்லிவிட்டு, ஏணிக்குக் கீழே போய், “அண்ணே, சாவி” என்றேன். அவர் பேசாமல் பையிலிருந்து எடுத்து என் கையில் போட்டார்.

பன்னிரண்டு நிமிடம். இதைச் செய்ய எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

கோயில் பின்புறம்

சன்னலிலிருந்து தெரிகிற தூரம்வரை நடந்தேன். அதற்கு அப்பால் ஓடினேன்.

வேனை நிறுத்தியபோது அங்கே நிழல் இருந்திருக்க வேண்டும். இப்போது வெயில் நகர்ந்து பாதி வண்டிக்கு மேல் விழுந்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆறு பிள்ளைகள் இருக்கும் வண்டியிலிருந்து சத்தம் வராதது எனக்குப் பிடிக்கவில்லை. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. திருப்பிப் போட்டதும் திறந்தது.

கதவை இழுத்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே ஐந்து பிள்ளைகள் என்னைப் பார்த்தன. முடி நெற்றியில் ஒட்டி, முகமெல்லாம் சிவந்து, ஐந்தும் வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அங்கிள் வரும்வரை பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பேசாமல் இருந்திருக்கின்றன.

ஆறாவது, எல்லாரிலும் சின்னவள், ஒரு பெரிய பிள்ளையின் மடியில் கிடந்தாள். தர்ஷினி. இரண்டரை வயது.

“தூங்குறா ஆன்ட்டி” என்று கிசுகிசுத்தாள் அந்தப் பெரிய பிள்ளை.

தூக்கினேன். தலை பின்னால் சாய்ந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டும். தண்ணீரெல்லாம் போத்தலில், போத்தலெல்லாம் கூடத்தில், அதில் சிலவற்றைப் பைக்குப் பின்னால் ஒளித்தவளும் நான்.

கோயில் குழாயடிக்கு ஓடினேன். தலையில், கழுத்தில், அக்குளில் தண்ணீர் ஊற்றினேன். என் சேலை தொப்பலாக நனைந்தது. முனியாண்டி, முனியாண்டி என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் சாமியை அதற்கு முன் நான் ஒருநாளும் கும்பிட்டவள் இல்லை. எவ்வளவு நேரம் என்று அப்போது மட்டும் நான் பார்க்கவில்லை.

தர்ஷினி இருமினாள். கொஞ்சம் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்து முழுக் குரலில் அழ ஆரம்பித்தாள்.

உலகத்தில் எந்தப் பெண்ணும் அந்த அழுகையைக் கேட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

கூடம் ஐம்பதடி தூரத்தில் இருந்தது. சன்னல் திறந்திருந்தது. பாட்டு நின்றிருந்தது. நான் யோசிக்கவில்லை, கை தானாகப் போனது என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை தானாகப் போகவில்லை. கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன், பிறகுதான் பொத்தினேன். அந்தச் சின்ன முகம் என் உள்ளங்கைக்குள் திமிறியது. கண் மட்டும் வெளியே, அகலமாக. மூச்சு விடத் தடுமாறுகிறாள் என்று தெரிந்த பிறகே கையை எடுத்தேன்.

உருளையை மாட்டி முடித்த மணியம் ஓடிவந்தார். பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, “எல்லாரையும் வேன்ல ஏத்திக்கிட்டு கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க, இப்பவே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சேலை ஏன் நனைந்திருக்கிறது என்று புவான் ரோஹானா கேட்டார். குழாய் உடைந்திருந்தது என்றேன். அறிக்கையை நான்தான் எழுதினேன். பிள்ளைகள், பதினைந்து. நிலை, திருப்தி.

கிளினிக்கில் தண்ணீர் கொடுத்து, சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். வெயிலில் விளையாடிவிட்டாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லப்பட்டது.

கௌரி வந்தாள்

வராந்தாவுக்கான பாரத்தை மறுவாரமே நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளந்தோம். இருபத்திரண்டு என்று வந்தது. ஒரு தாள், ஒரு நாடா, அரை மணி நேரம். எத்தனையோ மாதங்களுக்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய உதவி அதுதான். நானோ கண்டுகொள்ளாமல் இருந்தேன், பிறகு ஃபோன் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் முகப்புக்கு ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவள், அந்தச் சட்டையோடேயே வந்திருந்தாள். கையில் கேசரி டப்பா. இடுப்பில் தர்ஷினி.

“நீங்கதானே வசந்தி அக்கா? நான் கௌரி. சரோ டீச்சர் எல்லாம் சொன்னாங்க.”

“அன்னிக்கி நீங்க மட்டும் ஃபோன் பண்ணி சொல்லலைன்னா பள்ளிய மூடியிருப்பாங்களாமே. நான் வேலையத்தான் விட்டிருக்கணும். ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல கா.”

அவ்வளவுதான் சரோ சொல்லியிருந்தாள். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

முகப்பில் அப்போதெல்லாம் முகக்கவசம் போடச் சொல்வார்கள். கௌரி பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கருகில் கொண்டுபோனாள். தர்ஷினி அலறினாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்படித்தான் கா, ரெண்டு மாசமா. வாய்கிட்ட கைய கொண்டு போவ முடியல. சோறு ஊட்டுனாகூட தட்டி வுடுறா, கரண்டியிலதான் குடுக்கணும். டாக்டர கேட்டேன், எதையோ பாத்து பயந்திருக்குன்னாரு. எதப் பாத்து பயந்தாளுன்னுதான் தெரியல லா.”

“சின்னப் பிள்ளைங்க அப்படித்தான். சரியாயிரும்” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், பென்ஷன் வருகிறது. தர்ஷினி இப்போது தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். இந்தத் தொடரைக் கௌரி வாராவாரம் வாசிக்கிறாள், சிரிக்கிறாள் என்று சரோ சொன்னாள். இரண்டு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. அவள் இந்தப் பக்கத்தைத் திறக்கப்போகும் நாளை நினைத்தால் இப்போதும் கை வியர்க்கிறது.

எதைப் பார்த்துப் பயந்தாள் என்று கேட்டாய், கௌரி. என் கையை.